சண்டைக்காரர் வீட்டுத் திண்ணை
(கேள்வி-பதில்)

புதுச்சத்திரத்திலிருந்து எழுதுகிறேன். இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது வரப்பு ஒரு கட்டு, கிணறு ஒரு கட்டு, வண்டித்தடம் ஒரு கட்டு, வீட்டுக்குள் நடப்பது ஒரு கட்டு என்று சேர்ந்துவிட்டது. ஆள் வேறு, ஊர் வேறு. கேட்பது ஒன்றுதான்: சண்டையை எப்படி முடிப்பது? இந்த இதழ் முழுவதும் அதற்கே.

தகராறு வந்தால் முதலில் யாரைப் பார்ப்பது? வக்கீலையா, போலீஸையா, ஊர்ப் பெரியவரையா?
— தோட்டக்காரர், களங்காணி

சண்டைக்காரரை. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்றார்கள் நம் பெரியவர்கள். பணிந்து போகச் சொன்ன பேச்சல்ல அது. கதை நாலு வாய்க்குப் போய் நாலு மடங்காவதற்குள், முதல் வாயிலிருந்தே அதைக் கேட்டுக்கொள் என்ற புத்தி. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னங்க வருத்தம்?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல், வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

கேட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா?
— கல்லூரி மாணவி, ராசிபுரம்

தீராது. ஆனால் கேட்காமல் தீர்ந்ததாக ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நான்கு பங்காளிகள், ஒரே கிணறு. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து மோட்டார் ஓட்டுகிறோம். என் முறை நாளில் கரண்ட் போனால் நஷ்டம் யாருக்கு?
— விவசாயி, திருமலைப்பட்டி

உங்கள் முறை, கவலை ஓட்டிய காலத்துக் கணக்கு. அன்று தண்ணீரை இறைத்தது மாடு. மாட்டுக்குத் திங்களும் வியாழனும் ஒன்றுதான். ஆகவே நாளைப் பங்கிட்டால் தண்ணீரைப் பங்கிட்டதாக ஆயிற்று. இன்று இறைப்பது மும்முனை மின்சாரம். அது ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் பாதியில் போகும். மாடு போய் மோட்டார் வந்தபின்னும் பழைய அளவுகோலையே பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இந்தச் சண்டை.

நாளை விட்டுவிடுங்கள், மணியைப் பங்கிடுங்கள். மோட்டார் ரூமில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். போட்ட நேரம், நிறுத்திய நேரம், கையெழுத்து. இந்த மூன்று போதும். ஒருவருக்குக் குறைந்த மணி அடுத்த சுற்றில் அவருக்கே சேரட்டும். கோடையில் ஊற்று குறைந்தால் அந்தக் குறையையும் நாலாகப் பங்கிடுங்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற பழமொழியை வெல்ல நாலு கையெழுத்துள்ள ஒரு நோட்டால் முடியும்.

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் இப்படியொரு கிணற்றை வைத்து ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தார்கள். அது எப்படி முடிந்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

வடதுருவத்துப் பக்கம் வாழும் எஸ்கிமோக்கள் சண்டையே போடமாட்டார்களாமே?
— ஆசிரியர், சேந்தமங்கலம்

பெயரிலிருந்தே தொடங்குவோம். எஸ்கிமோ என்பது பிறர் வைத்த பெயர். கனடாவில் அவர்கள் அதை விரும்புவதில்லை. தங்களை அவர்கள் இனுயிட் என்கிறார்கள். 'மக்கள்' என்று பொருள். ஒருவரைச் சொன்னால் இனுக். ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பதுதான் சமாதானத்தின் முதல் படி.

மனஸ்தாபம் அவர்களுக்கும் வரும். ஆனால் வளர்ந்த மனிதர் கத்துவதை அவர்கள் சிறுபிள்ளைத்தனமாகப் பார்க்கிறார்கள். இதை ஜீன் பிரிக்ஸ் என்ற மானுடவியலாளர் பட்டுத் தெரிந்துகொண்டார். 1963-இல் கனடாவின் வடகோடியில், பேக் ஆற்றின் கழிமுகத்தில் இருந்த உட்கு என்ற இனுயிட் பிரிவினரிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு குடும்பம் அவரை மகளாக ஏற்றுக்கொண்டது. அடுத்த கோடையில் மீன் பிடித்துப் பொழுதுபோக்க வெளியூர் வெள்ளையர் சிலர் வந்தார்கள். அந்த மக்களிடம் இருந்ததே இரண்டு தோணிகள். ஒன்றை வாங்கி உடைத்துவிட்டு, மற்றதையும் கேட்டார்கள். பிரிக்ஸுக்குப் பொறுக்கவில்லை. அந்த மக்களுக்காகத்தான் கோபப்பட்டு அந்த ஆட்களிடம் சீறினார்.

நியாயமான கோபம்தான். ஆனால் அதன் பிறகு அவருடைய கூடாரத்துக்கு யாரும் வந்து உட்காரவில்லை. மீன் வந்தது, உதவி வந்தது, மரியாதை குறையவில்லை. பேச்சுத்துணை மட்டும் நின்றுபோனது. ஏறத்தாழ மூன்று மாதம் இப்படி. அவர் ஏன் சீறினார் என்பதை விளக்கி, வேறு ஊரிலிருந்த ஒரு இனுயிட் தோழி கடிதம் எழுதிய பிறகே உறவு இளகியது. 'கோபத்தில் ஒருபோதும் இல்லை' என்று பொருள்படும் தலைப்பில் 1970-இல் வந்த புத்தகத்தில் பிரிக்ஸ் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இதில் நமக்கு இரண்டு பாடம். கோபத்தின் காரணம் சரியாக இருந்தாலும் கோபத்தின் உருவம் எதிரில் இருப்பவரை அச்சுறுத்தும். விலகிய இரண்டு மனங்களை ஒட்டவைக்க, இருவர் பாஷையும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அப்படிப்பட்ட நடுவர் எப்படி இருக்கவேண்டும்?
— பலசரக்குக் கடைக்காரர், பேளுக்குறிச்சி

இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவராக.

இனுயிட் மக்கள் வாயைத் திறக்காமலே 'ஆமாம்' சொல்வார்களாம். நிஜமா?
— லாரி ஓட்டுநர், ஆண்டகளூர்கேட்

நிஜம். புருவத்தை உயர்த்தினால் ஆமாம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. அந்தக் குளிரில் மூடாமல் விட்ட முகமே அவர்களுக்குப் பாதிப் பேச்சு.

உங்கள் தொழிலிலும் அது உண்டே! எதிர்வண்டிக்கு விளக்கைத் தாழ்த்துகிறீர்கள். பின்னால் வருகிறவனுக்கு 'முந்திக்கொள்' என்று இண்டிகேட்டர் போடுகிறீர்கள். முகம் தெரியாத, பாஷை தெரியாத ஆளுக்கு நடுராத்திரியில் வழி விடுகிறீர்கள். இந்தப் பண்பை வண்டியிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்கும் கொண்டுபோங்கள். மனைவி பேச ஆரம்பிக்கும்போது விளக்கைத் தாழ்த்துங்கள்.

குறுக்கே பேசாமல் கேட்கிறவர் உலகில் உண்டா?
— இல்லத்தரசி, நாமக்கல்

கதை கேட்கும் குழந்தை உண்டு. அதிலும் 'உம்' கொட்டிக் கேட்கும் குழந்தை. கதை சொல்கிறவர், "உம் கொட்டினால்தான் சொல்வேன்" என்பார். அந்த 'உம்'முக்கு, நீ சொன்னது சரி என்று அர்த்தமில்லை. வந்து சேர்ந்தது, மேலே சொல் என்று அர்த்தம். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவதும் அதற்காகத்தான்.

இனுயிட் பெரியவர்கள் பேசி முடித்தால், கேட்டவர்கள் உடனே வாய் திறப்பதில்லை. கொஞ்சம் சும்மா இருப்பார்கள். சொன்னது உள்ளே இறங்க நேரம் கொடுக்கும் மரியாதை அது. இன்று இரவு செய்து பாருங்கள்: எதிரில் இருப்பவர் முடித்தபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள். பாதி நாட்களில், மூன்று எண்ணும்போதே அவர் இன்னொரு வரி சொல்வார். அவர் சொல்ல வந்தது அந்த வரிதான்.

மௌனம் சம்மதமா?
— புதுமணப்பெண், மோகனூர்

இல்லை. பல வீடுகளில், பேசி ஓய்ந்தவர் சொல்லும் கடைசி மறுப்பு அது. 'சரிதானே?' என்று கேட்டு, வாயிலிருந்து 'சரி' வந்தால்தான் சம்மதம்.

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை மூன்றடி வெட்டிவிட்டார். சர்வேயரைக் கூப்பிட்டால் உறவு போய்விடும் என்கிறார் அம்மா. கூப்பிடாவிட்டால் நிலம் போய்விடும் என்கிறார் அப்பா.
— பட்டதாரி இளைஞர், செல்லப்பம்பட்டி

இரண்டும் போகாத வழி உண்டு. சர்வேயரை நீங்கள் மட்டும் கூப்பிட்டால் அது படையெடுப்பு. இருவரும் சேர்ந்து கூப்பிட்டால் அது அளவு. "எனக்கும் சரியாத் தெரியலைங்க, உங்களுக்கும் சந்தேகம் இருக்கும், ரெண்டு பேரும் சேர்ந்து பணம் கட்டி அளந்துக்கலாம்" என்று போய்ச் சொல்லுங்கள். அளக்கும் நாளில் ஒரு முனையை அவர் பிடிக்கட்டும், மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். புலப்படத்தைப் பார்த்துச் சர்வேயர் கல் எங்கே என்று சொல்வார். கல் ஏன் நகர்ந்தது என்பதை அவரால் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் பேசவேண்டும்.

கட்டப்பஞ்சாயத்துக்கும் பேசித் தீர்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?
— சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

எழுந்து போகும் உரிமை. பேசித் தீர்க்கும் இடத்தில் அது இரண்டு பேருக்கும் உண்டு. கட்டப்பஞ்சாயத்தில் ஒருவருக்கு இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுக சேர்வை வழக்கில், 2011 ஏப்ரல் 19-இல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம், அதை ஈவிரக்கமின்றி ஒழிக்கவேண்டும் என்று சொன்னது. சாதி மாறித் திருமணம் செய்தவர்களை மிரட்டுவது, ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது, தண்டம் போடுவது எதற்கும் எந்தப் பெரியவருக்கும் அதிகாரம் கிடையாது.

'அந்தக் காலத்து மரத்தடியில் எல்லாம் சுமுகமாகத் தீர்ந்தது' என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த மரத்தடியில் யார் உட்கார்ந்தார்கள், யார் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எட்ட நின்றார்கள், எந்தப் பெண்ணின் வழக்கை அவள் இல்லாமலே பேசினார்கள் என்றும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மரம் ஒன்றுதான், நிழல் எல்லோர் மேலும் விழவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது, எல்லோரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து பேசும் இடத்தில்தான்.

கணவர் அடிக்கிறார். வீட்டில் எல்லோரும் 'பேசித் தீர்த்துக்கொள்' என்கிறார்கள்.
— பெயரும் ஊரும் வேண்டாம்

அம்மா, அடி பேச்சல்ல. ஆகவே அதற்குப் பேச்சில் பதில் தேட வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் வேறு எதையும் உங்களுக்கான யோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உயிரும் உடம்பும்தான் முதலில்.

181 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்; கட்டணம் இல்லை. மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு தரும். அவர் பெயரில் வீடு இருந்தாலும் அதில் குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பிக்க மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். நம்பும் இன்னொருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டால் பிறகு அப்பீல் போகலாமா?
— பைனான்ஸ் கட்டிக்கொண்டிருப்பவர், வெண்ணந்தூர்

முடியாது. அங்கே யாரும் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதை எழுதித் தருகிறார்கள். அது உரிமையியல் நீதிமன்ற ஆணைக்குச் சமம். ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியவில்லை என்றால், 'புரியவில்லை' என்று சொல்லுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

குஜராத்தின் ஊனாவில் 1982-இல் தொடங்கியது இந்த ஏற்பாடு. 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட்டில் இருக்கும் வழக்கு இங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே ராஜியாகிப் போனவர்களுக்கும் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று, நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவசச் சட்ட உதவிக்கு எண் 15100. பெண்களும், குழந்தைகளும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமானக் கணக்கு இல்லாமலே அந்த உதவியைப் பெறலாம்.

என் பாகவழக்கை 'மத்தியஸ்தத்துக்கு' அனுப்பிவிட்டார்கள். தட்டிக்கழிக்கிறார்களா?
— வழக்காடி, பரமத்தி வேலூர்

இல்லைங்க. உங்கள் வழக்கை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நீதிபதி, யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பார். மத்தியஸ்தர், யாருக்கு எது வேண்டும் என்று பார்ப்பார். அண்ணனுக்கு வேண்டியது ரோட்டோர இடமாகவும் தம்பிக்கு வேண்டியது கிணற்றோர இடமாகவும் இருந்தால், சரிபாதியாகக் கோடு கிழிக்கும் தீர்ப்பு இருவருக்குமே நஷ்டம்.

நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்த மையம் அமைந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005 ஏப்ரலில். அங்கே நீங்கள் தனியாகச் சொன்னதை, உங்கள் சம்மதம் இல்லாமல் மத்தியஸ்தர் எதிர்த்தரப்பிடம் சொல்லக்கூடாது. பேச்சு முறிந்தால் வழக்கு நீதிபதியிடமே போகும். உள்ளே பேசியது எதையும் அங்கே சாட்சியாக இழுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் அங்கே ஆட்கள் மனதைத் திறக்கிறார்கள். 2023-இல் மத்தியஸ்தத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஊர் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளை, இரு தரப்பும் சம்மதித்தால், மூன்று பேர் கொண்ட குழு பேசி முடிக்க அதில் இடம் உண்டு.

வேறு நாட்டில் அரசே இப்படிப் பேசித் தீர்த்துவைக்கிறதா?
— வங்கி ஊழியர், குமாரபாளையம்

தூரம் போகவேண்டாம், இலங்கையைப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. உட்கார்ந்து கேட்பவர்கள் ஊர்க்காரர்கள், தொண்டாகச் செய்கிறார்கள். கடன், வேலி, வாய்த்தகராறு என்று சின்ன விஷயங்கள் கோர்ட் வாசலை மிதிக்கும் முன் அங்கே போகின்றன. சின்ன விஷயத்தைச் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பதுதான் சாமர்த்தியம்.

பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஈ. சோற்றுத் தட்டைத் திறக்க முடியவில்லை. மனு போட்டால் பகை, போடாவிட்டால் ஈ.
— ஓய்வுபெற்ற செவிலியர், எருமப்பட்டி

நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது முட்டை. ஆகவே பண்ணைக்காரரை எதிரியாக்காமல் ஈயை எதிரியாக்குங்கள். ஈ பெருகுவது ஈர எருவில். தண்ணீர்க் குழாய் ஒழுகி எச்சத்தில் விழுந்தால் புழு வைக்கும். எச்சம் காய்ந்திருந்தால் வைக்காது. 'உன் பண்ணையால் நாங்கள் சாகிறோம்' என்றால் அவர் பண்ணையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். 'குழாய் எங்கேயோ ஒழுகுதுங்க போல, ஒரு தடவை பார்க்கச் சொல்றீங்களா?' என்றால் குழாயைப் பார்ப்பார்.

போய் இரண்டு தடவை கேளுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள். கேட்டும் நடக்கவில்லை என்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். அதில் தப்பே இல்லை. மனுக் கொடுக்கப் போவதை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதுகுக்குப் பின்னால் போன மனுதான் பகையாகும்.

பாட்டுப் பாடியே வழக்குத் தீர்த்த ஊர் உண்டாமே?
— உடுக்கடிக் கலைஞரின் மகன், சங்ககிரி

உண்டு. கிழக்கு கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடம் அந்த வழக்கம் இருந்தது. மனஸ்தாபம் கொண்ட இருவர் ஊர் கூடிய இடத்தில் பறை கொட்டி, ஒருவர்மேல் ஒருவர் பாட்டுக் கட்டுவார்கள். குற்றம் சொல்லலாம், கேலி செய்யலாம், கை நீளக்கூடாது. ஊர் சிரிக்கும். சிரிப்பு யார் பக்கம் போயிற்று என்பதில் தீர்ப்பும் இருக்கும். உள்ளே அழுகியிருக்கவேண்டிய கோபம் தாளத்தில் ஏறி வெளியே வந்துவிடும்.

தமிழுக்கு இது புதிதில்லை. லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி விடிய விடியப் பாடும். வயல்காட்டில் எசப்பாட்டு. உங்கள் அப்பா உடுக்கையில் பாடும் அண்ணன்மார் கதையே பங்காளிப் பகையின் கதைதானே? பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1965-இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். ஜீன் பிரிக்ஸ் பனிநாட்டில் இருந்ததும் அதே காலம். ஒருவர் கோபத்தை விழுங்கும் ஊரில் உட்கார்ந்து எழுதினார். இன்னொருவர் கோபத்தைப் பாட்டாகக் கொட்டும் ஊரில் உட்கார்ந்து கேட்டார். உங்கள் அப்பா பாடுவதை நீங்களும் செல்போனில் பதிந்துவையுங்கள்.

பேரன் தம்பியை அடிக்கிறான். இரண்டு போட்டால் அடங்குவானா?
— பாட்டி, மல்லூர்

'அடிக்காதே' என்று சொல்லி அடித்தால், பிள்ளை சொல்லை விட்டுவிட்டு அடியைக் கற்றுக்கொள்வான்.

இனுயிட் தாய்மார் செய்வதைக் கேளுங்கள். குழந்தை கோபத்தில் இருக்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள். எல்லாம் அடங்கியபின் விளையாட்டுப் போல, "எங்கே, என்னை அடி பார்க்கலாம்" என்பார்கள். குழந்தை அடித்தால், "ஐயோ, வலிக்குதே! என்மேல் உனக்கு ஆசை இல்லையா?" என்று கேட்பார்கள். அடித்தால் வலிக்கும் என்பதையும், வலிப்பது பிரியமானவருக்கு என்பதையும் குழந்தை தானே கண்டுபிடிக்கிறது. இந்தச் சின்ன நாடகங்களைப் பற்றியே பிரிக்ஸ் 1998-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். உங்களிடம் இரண்டு மரப்பாச்சி இருந்தால் இன்று சாயங்காலமே கூத்தைத் தொடங்கலாம்.

மருமகளிடம் எப்படிப் பேசுவது? மகள் மாதிரி நினைத்துப் பேசு என்கிறார்கள்.
— மாமியார், திருச்செங்கோடு

வேண்டாம், மகளை அதட்டுவீர்கள். தூரத்து ஊரிலிருந்து வந்த விருந்தாளியிடம் பேசுவது போலத் தொடங்குங்கள். மகளாவது தானாக நடக்கும்.

கிராம சபையில் சத்தம்தான் மிச்சம். ஒழுங்காக நடத்த வழி?
— வார்டு உறுப்பினர், புதுச்சத்திரம் ஒன்றியம்

1999 ஏப்ரல் 1-இல் கனடாவில் இனுயிட் மக்களுக்கு நுனாவுட் என்ற தனி ஆட்சிப்பகுதி பிறந்தது. 'எங்கள் நிலம்' என்று பொருள். அதன் சட்டமன்றத்தில் கட்சிகள் கிடையாது. தனித்தனியாக வென்று வந்தவர்கள் கூடித் தங்களுக்குள் முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உட்காருவதும் வட்டமாக. கலந்துபேசி ஒருமித்து முடிவெடுப்பதை அரசின் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆச்சரியப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கிறது. வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கட்சிக்கொடி இல்லாத ஒரு மேடை உங்கள் கையிலும் இருக்கிறது. மூன்று காரியம் செய்யுங்கள்: நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். முதல் அரைமணி பெண்களும், எப்போதும் கடைசியில் நிற்கிறவர்களும் மட்டும் பேசட்டும். தீர்மானத்தை உரக்கப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். சத்தம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பல வருஷமாகக் கேட்கப்படாதவர்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. விலகிவிடலாமா?
— பொறியாளர், பெங்களூரு (சொந்த ஊர் மின்னாம்பள்ளி)

எழுத்துக்குப் புருவம் இல்லை, அதனால்தான் சண்டை. விலகுவதற்கு முன், அங்கே சண்டை போடுகிற சித்தப்பாவை போனில் கூப்பிடுங்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுங்கள். பிறகு குழு தானாக அமைதியாகும்.

நான் மன்னிப்புக் கேட்டால், தப்பு என் பக்கம் என்று ஆகிவிடாதா?
— இளைஞர், ராசிபுரம்

ஆகாது. 'நான் கேட்ட வண்டித்தடம் எனக்கு உரியது' என்பதும், 'அன்று நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக்கூடாது' என்பதும் இரண்டு தனி வாக்கியங்கள். இரண்டாவதைச் சொல்லிவிட்டால் முதலாவதைக் கேட்க அவருக்குக் காது திறக்கும்.

கேள்வி என்றால் வினா மட்டும்தானா? உங்கள் பகுதிக்குப் பெயர் வைத்தபோது யோசித்தீர்களா?
— தமிழாசிரியர், நாமக்கல்

யோசித்தேன் ஐயா. திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்துக்கு 'கேள்வி' என்றுதான் பெயர். அங்கே அதற்கு வினா என்று பொருளில்லை. செவி கொடுத்துப் பெறும் அறிவு என்று பொருள். 'கேள்' என்றால் வினவு. 'கேள்' என்றால் செவிகொடு. பழந்தமிழில் 'கேள்' என்றால் உறவும்கூட. உறவினரைக் கேளிர் என்றார்கள். மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் பாஷையில் பிறந்தவர்கள் நாம்.

எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். ஒன்பதாவது வருஷம் ஒரு சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, கூட யாரையும் அழைத்துவரவும் இல்லை. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "உனக்கு என்னதான்டா வருத்தம்?" என்றார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பெரியப்பாவும் எழுந்து போகவில்லை. தண்ணீர் முறையைப் பற்றி, மோட்டாரைப் பற்றி, போன கோடையில் காய்ந்த வாழையைப் பற்றி அப்பா சொல்வார் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். அவர் சொன்னது ஒரே ஒரு வரி.

"கெணத்த ஆழம் பண்ணறப்ப, என்னைய ஒரு வார்த்தை கேக்கலையேண்ணா."